இராமநாதபுரம் கரையோரத்தில் மாலைச் சாப்பாடு: குறைந்த செலவில் எங்கே, எப்போது?

கேள்வி: 11 ஜனவரி 2025

"ஜனவரி 27ஆம் தேதி மாலை இராமநாதபுரத்திலும் 28ஆம் தேதி மாலை இராமேஸ்வரத்திலும் தங்குகிறோம். பெரியவர்கள் நான்கு பேர், பிள்ளைகள் இருவர். அம்மா சுத்த சைவம். ஆறு பேருக்கும் சேர்த்து இரவுச் சாப்பாடு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. கடற்கரை ஊருக்கு வந்து மீன் சாப்பிடாமல் போக மனமில்லை. நல்ல கடைகளாக நான்கைந்து பெயர் சொல்லுங்கள்."

11 ஜனவரி 2025, இரவு

மீனை மதியத்திற்கு மாற்றிக்கொள்ளுங்கள். இந்தக் கரையோரத்தில் காலையில் ஏலம் போகும் மீன் மதியம் குழம்பாகிவிடும். சோறும் மீன் குழம்பும் இங்கே பகல் உணவு. பொழுது சாய்ந்த பிறகு உள்ளூர்க்காரர்கள் வெளியில் சாப்பிடுவது பரோட்டா, இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம் ஆகியவற்றைத்தான். இரவு எட்டு மணிக்கு ஒரு கடையில் உட்கார்ந்து மீன் சாப்பாடு உண்டா என்று கேட்டு, உண்டு என்ற பதில் வந்தால், அது மதியம் மீந்த குழம்பைச் சுட வைத்துத் தரும் கடையாகவோ, சுற்றுலா வருபவர்களுக்கென்றே விலை வைத்திருக்கும் கடையாகவோ இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஊர் எந்த வேளையில் எதைப் புதிதாகச் சமைக்கிறதோ, அந்த வேளையில் அதைக் கேட்பவருக்குக் குறைந்த விலையில் நல்ல உணவு கிடைக்கும் என்பதே இத்தனை ஆண்டுகளாக இந்த ஊரில் வெளியே சாப்பிட்டு வரும் எனக்குத் தெரிந்த ஒரே நம்பகமான வழி.

மாலை டிபனுக்கு உங்கள் 1,000 ரூபாய் தாராளம். அதே தொகையில் சீலா மீன் வறுவலோடு ஆறு பேருக்கு இரவுச் சாப்பாடு என்றால் போதாது. 27ஆம் தேதி மதியத்திற்குள் இராமநாதபுரம் வந்துவிட முடியுமானால், மீன் குழம்புச் சாப்பாட்டை அப்போதே முடித்துக்கொண்டு மாலையைப் பரோட்டாவுக்கும் இட்லிக்கும் விட்டுவிடுங்கள்.

12 ஜனவரி 2025

கடைகளின் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மாலைக் கடைகளின் தரம் பெயர்ப் பலகையில் இல்லை, மாஸ்டரிடம் இருக்கிறது. அவரோ ஓரிடத்தில் நிற்பவர் அல்லர். வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ விசா வந்தால் அந்த வாரமே கிளம்பிவிடுவார். எதிர்க் கடையில் கூலி கூடுதலாகக் கிடைத்தாலும் மாறிவிடுவார். போன ஆண்டு நான் பலரிடம் புகழ்ந்து சொன்ன ஒரு கடையில் இப்போது பலகையும் மேசையும் முதலாளியும் அப்படியே இருக்க, சால்னா மட்டும் வேறாகிவிட்டது. அந்தப் பெயரை இங்கே எழுதியிருந்தால், படித்துவிட்டு வருபவர் ஏமாந்து போவார்.

எனவே பெயருக்குப் பதிலாக அடையாளம் சொல்கிறேன். ஆறரை மணி வாக்கில் அரண்மனை வாசலிலிருந்து புறப்பட்டுச் சாலைத் தெரு, வண்டிக்காரத் தெரு, கேணிக்கரைப் பக்கம் ஒரு சுற்று நடந்து வாருங்கள். முதல் சுற்றில் எங்கும் உட்கார வேண்டாம். உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைவிட, வெளியே பார்சலுக்கு நிற்பவர்கள் யார் என்று கவனியுங்கள். தூக்குவாளியைக் கையில் கொடுத்து வீட்டிலிருந்து பிள்ளைகளை அனுப்பிச் சால்னா வாங்கும் கடை ஒன்று ஒவ்வொரு தெருவிலும் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் தினமும் வாங்கும் கடையில் நேற்றையதை இன்று ஊற்றிவிட முடியாது, மறுநாளே தெரு முழுவதும் பேச்சாகிவிடும். பேருந்து ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அவசரமாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும் கடையையும் இதே கணக்கில் நம்பலாம். அவர்கள் ஊர் ஊராகச் சாப்பிடுபவர்கள் என்பதால் விலையும் தெரியும், வயிற்றுக்கு எது ஆகாது என்பதும் தெரியும்.

13 ஜனவரி 2025

நாளை பொங்கல். 14 முதல் 16 வரை இந்தப் பக்கம் வருபவர்கள் மேலே சொன்னதை வைத்துத் தேட வேண்டாம். மாஸ்டர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவதால் மாலைக் கடைகளில் பெரும்பாலானவை சாத்தியே இருக்கும். திறந்திருக்கும் கடையிலும் ஆள் பற்றாக்குறை தெரியும். இந்த நாட்களில் பேருந்து நிலையத்தையொட்டிய பெரிய சைவக் கடைகளே நிம்மதி.

17 ஜனவரி 2025

பரோட்டாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. பலர் அதை வேறு வழியில்லாமல் சாப்பிடும் பண்டமாக நினைக்கிறார்கள். சரியான நேரத்தில், சரியான கல்லிலிருந்து எடுத்தால் இந்த மாவட்டத்தில் இரவு உணவாக அதைவிட நான் விரும்புவது எதுவும் இல்லை.

மாலைக் கடையில் மாவு பிற்பகலிலேயே பிசைந்தாகிவிடும். ஈரத்துணியின் கீழ் ஒரு முறை ஊறி, உருண்டை பிடித்த பிறகு எண்ணெயில் இன்னொரு முறை ஊறினால்தான் வீசும்போது கிழியாமல் விரியும். கல்லுக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். உருண்டையை உள்ளங்கையால் தட்டி, ஓரத்தைப் பிடித்து மேடையில் அடித்து வீசும்போது மாவு அடியிலிருக்கும் பலகையின் நிறம் தெரியும் அளவுக்கு மெலிய வேண்டும். அதை நீளவாக்கில் கொசுவிச் சுருட்டி, சற்று நேரம் ஓய விட்டு, கையால் தட்டிக் கல்லில் போடுவார். வெந்ததும் நான்கைந்தை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு கைகளாலும் பக்கவாட்டில் ஓங்கித் தட்டுவார். அந்தத் தட்டில் அடுக்குகள் பிரிந்து ஓரங்கள் மலர்ந்தால் அந்தக் கடையில் உட்காரலாம். தட்டியும் பிரியாமல் தகடாகவே கிடந்தால் மாவு ஊறவில்லை என்று பொருள். அங்கே தோசை கேளுங்கள்.

சால்னாவுக்கும் நேரம் உண்டு. புதிதாக இறக்கிய சால்னாவின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் சிவப்பாக நிற்கும், சோம்பும் கசகசாவும் மணக்கும். கூட்டம் ஏற ஏற வெந்நீர் சேர்ந்துகொண்டே போகும். ஒன்பதரைக்கு மேல் வருபவருக்குக் கிடைப்பது நிறமுள்ள நீர். ஏழு மணியிலிருந்து எட்டரைக்குள் சாப்பிட உட்காருவது நல்லது. மிஞ்சிய பரோட்டாக்கள்தான் கொத்துக்குப் போகும் என்பதால், கொத்துப் பரோட்டாவை விரும்புபவர்கள் கண்ணெதிரே சூடாகப் போட்டதைக் கொத்தித் தரும்படி வெளிப்படையாகக் கேட்டுவிடலாம். நல்ல மாஸ்டர் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

22 ஜனவரி 2025

இராமேஸ்வரத்தைப் பற்றி. ஜனவரி 29 தை அமாவாசை. நீங்கள் தீவில் தங்கும் 28ஆம் தேதி மாலை அதற்கு முந்தைய மாலை என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அக்னி தீர்த்தத்தில் நீராடித் தர்ப்பணம் கொடுப்பதற்காகப் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் அன்று இரவே வந்து சேருவார்கள். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நின்றுகொண்டு சாப்பிடவும் இடம் கிடைக்காது.

கோயிலைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் சைவக் கடைகள் என்பதால் உங்கள் அம்மாவுக்குக் குறை இருக்காது. வடநாட்டு யாத்திரிகர்கள் ஆண்டு முழுவதும் வருவதால் சப்பாத்தியும் பருப்பும் எளிதில் கிடைக்கும். ஆனால் கடற்கரைக்கும் கிழக்குக் கோபுரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் வாடகை அதிகம். அது இலையில் வந்து சேருகிறது. கோயிலுக்கு மேற்கே, ஊர் மக்கள் குடியிருக்கும் தெருக்களுக்குள் நடந்தால், மாலையில் வீட்டு வாசலிலேயே அடுப்பு மூட்டி இட்லி ஊற்றும் பெண்களைப் பார்க்கலாம். துணி விரித்த தட்டில் ஊற்றிய இட்லியை உங்கள் கண் முன்னாலேயே நீர் தெளித்துப் பிரித்துப் போடுவார்கள். அங்கே மெனு அட்டை கிடையாது. இட்லியும் தோசையும் இரண்டு வகைச் சட்னியும், சில இடங்களில் சாம்பாரும், அவ்வளவுதான். ஈடு இறங்கும் வரை பொறுத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்பு வீண் போகாது.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் ஆட்டோவை மறந்துவிடுகிறார்கள். பேருந்து நிலையம் கோயிலிலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே ஒரு மலிவான கடை இருக்கிறதென்று ஆறு பேர் இரண்டு ஆட்டோ பிடித்துப் போய் வந்தால், சாப்பாட்டில் மிச்சம் பிடித்தது ஆட்டோ வாடகையில் போய்விடும். தங்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருப்பதே மலிவான கடை.

இன்னொன்று: கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் வழங்கும் திட்டம் 2022இன் இறுதியில் இங்கே தொடங்கப்பட்டது. வசதியுள்ளவர்கள் அங்கே உட்காரத் தயங்குவதைப் பார்க்கிறேன். தயங்க வேண்டியதில்லை, சாப்பிட்டுவிட்டு உண்டியலில் உங்களால் இயன்றதைப் போட்டுவிட்டு வாருங்கள்.

31 ஜனவரி 2025

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். இராமநாதபுரத்து மாலை நன்றாக அமைந்திருக்கிறது. பரோட்டா, முட்டை தோசை, கலக்கி, அம்மாவுக்குப் பக்கத்துக் கடையிலிருந்து இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் என்று எல்லாம் சேர்த்தும் நினைத்த தொகைக்குள் அடங்கிவிட்டது. இரண்டாம் நாள் மதியம் சாலையோரத்தில் ஒரு கடையில் மீன் வறுவல் கேட்டபோதுதான் வருத்தம் நேர்ந்திருக்கிறது: விலைப்பட்டியலில் மீனுக்கு நேரே தொகைக்குப் பதிலாக 'அளவைப் பொறுத்து' என்று இருந்ததாம், பில் வந்த பிறகே அந்த அளவு எவ்வளவு என்று தெரிந்ததாம்.

இப்படி எனக்கும் நேர்ந்திருக்கிறது. அதனால்தான் மசாலா தடவிய மீன் தட்டு முன்னால் இருக்கும்போதே, இந்தத் துண்டு எவ்வளவு என்று விரலால் சுட்டிக் கேட்டுவிட்டு, பிறகு எண்ணெயில் போடச் சொல்லும் பழக்கத்தை வைத்திருக்கிறேன். அப்படிக் கேட்பது கௌரவக் குறைச்சல் அன்று. ஏலக்கூடத்தில் மீன் வாங்கும் கடைக்காரரும் விலையைக் கேட்காமல் ஒரு கூடையைக்கூடத் தூக்குவதில்லை.

9 மார்ச் 2025

கீழக்கரையில் மாலைச் சாப்பாடு பற்றிக் கேட்டவருக்கு. இப்போது ரமலான் நடப்பதால் பதில் வேறாகிறது. பகலில் பல கடைகள் மூடியிருக்கும். மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பார்ப்பவருக்கு ஊரே அடங்கிக் கிடப்பதாகத் தோன்றும். சூரியன் மறைந்ததும் மஃரிப் தொழுகைக்கான பாங்கு சொல்லி நோன்பு திறந்து, தொழுகையும் முடிந்த பிறகுதான் கடைத்தெரு விழிக்கும். தராவீஹ் என்னும் ரமலான் இரவுத் தொழுகைக்குப் பிறகு நள்ளிரவைத் தாண்டியும் அடுப்பு எரியும். மற்ற மாதங்களில் எட்டு மணிக்குச் சாப்பிடச் சொல்லும் நான், இந்த மாதத்தில் கீழக்கரைக்கு மட்டும் பத்து மணிக்குப் போகச் சொல்வேன். இராமநாதபுரத்திலிருந்து 17 கிலோமீட்டர்தான், ஆனால் திரும்பி வரப் பேருந்து உண்டா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நோன்பு திறக்கும் நேரத்தில் பள்ளிவாசல்களில் கஞ்சி வழங்குவார்கள். அரிசியும் பருப்பும் வெந்தயமும் தேங்காய்ப் பாலும் சேர்ந்து குழைந்த அந்தக் கஞ்சிக்கு மத வேறுபாடு கிடையாது. பாத்திரத்தோடு வந்து நிற்கும் அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்களை நான் சிறு வயதிலிருந்தே பார்த்து வருகிறேன். போன வாரம் தெருவோரம் நின்று யோசித்துக்கொண்டிருந்த என்னை ஒரு பெரியவர் கூப்பிட்டு, "தம்பி, நின்னுக்கிட்டே இருந்தா ஆறிப்போகும், உக்காருங்க" என்று சொல்லிக் கோப்பையைக் கையில் கொடுத்தார். கூடவே ஒரு வடையும் இரண்டு பேரீச்சம்பழமும்.

கீழக்கரையின் சிறந்த சமையல் கடையில் இல்லை, வீடுகளில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வட்டிலப்பம், ஓட்டுமாவு போன்ற இனிப்புகளை வீட்டுப் பெண்கள் சொல்லி வைத்தால் செய்து தருவார்கள்; பலகை மாட்டியிருக்க மாட்டார்கள். தேங்காய்ப் பாலும் அரிசி மாவும் இனிப்பும் சேர்த்துப் பல மணி நேரம் கிண்டி எடுக்கும் தொதல் மட்டும் கடைகளிலேயே கிடைக்கிறது. கையில் ஒட்டாமல், அழுத்தினால் எண்ணெய் கசியும் தொதலை வாங்குங்கள். ஆறு பேருக்குக் கால் கிலோ போதும்.

9 ஏப்ரல் 2025

புதிய பாம்பன் பாலம் 6ஆம் தேதி திறக்கப்பட்டு இரயில் மீண்டும் தீவுக்குள் போகிறது. 2022 டிசம்பரிலிருந்து இரயில்கள் மண்டபத்தோடும் இராமநாதபுரத்தோடும் நின்றுகொண்டிருந்தன என்பதால், இரவு இரயிலுக்குக் காத்திருப்பவர்களை நம்பி அந்த நிலையங்களை ஒட்டி மாலைக் கடைகள் நடந்து வந்தன. இனி அந்தக் கூட்டம் இராமேஸ்வரத்திலேயே ஏறிவிடும். ஆள் வரத்து குறைந்த கடையில் மாவும் குழம்பும் மறுநாளைக்குத் தங்குவதற்கு வாய்ப்பு அதிகம். ஆகவே இதற்கு முன் யாராவது பரிந்துரைத்த கடையானாலும் இனிமேல் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

தனுஷ்கோடியில் மாலைச் சாப்பாடு கிடைக்குமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கிடைக்காது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த அந்த ஊரில் கடற்கரைக் குடிசைக் கடைகளில் பகலில் மீன் வறுத்துத் தருவார்கள். பொழுது சாய்வதற்குள் பார்வையாளர்களை வெளியேறச் சொல்லிவிடுவார்கள். அங்கே சாப்பிட விரும்பினால் பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிக்குள் போங்கள்.

19 ஏப்ரல் 2025

15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதற்காக ஆண்டுதோறும் கிழக்குக் கடற்கரை முழுவதற்கும் உள்ள ஏற்பாடு இது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை என்பதால் கரைக்கு மீன் வராமல் போகாது. ஆனால் அளவு குறைவு, விலை அதிகம்.

இந்த இரண்டு மாதங்களிலும் ஒரு கடையில் பெரிய சீலாவும் பாறையும் தாராளமாகக் கிடைக்கிறதென்றால் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் மாதத்தில்தான் தொடங்கும். ஆகவே இப்போது கேரளப் பக்கத்திலிருந்து பனிக்கட்டிப் பெட்டிகளில் மீன் வருகிறது. அதைச் சாப்பிடக் கூடாது என்று நான் சொல்லவில்லை, பாம்பன் மீன் என்ற விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்கிறேன். தடைக்காலத்தில் இங்கே வந்து மீன் சாப்பிட விரும்புபவர்கள் சூடை, காரல், நெத்திலி, முரல் போன்ற சிறு மீன்களைக் கேளுங்கள். நாட்டுப்படகில் வருபவை அவைதாம். காரலைப் புளி குறைத்துச் சொதியாகவோ, மஞ்சள் மட்டும் போட்டு அவித்தோ வைத்தால் பெரிய மீன் நினைவுக்கே வராது. சின்ன மெஸ்களில் மதியத்தில் இது கிடைக்கும். பட்டியலில் எழுதியிருக்காது, கேட்டால்தான் சொல்வார்கள்.

11 மே 2025

காரம் தாங்கவில்லை, பிள்ளைகள் அழுதுவிட்டார்கள் என்று ஒரு தாய் எழுதியிருக்கிறார். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் வத்தல் இந்த மண்ணின் பயிர். உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும். நிறமும் மணமும் காரமும் மூன்றும் அதில் உண்டு. இங்குள்ள குழம்பும் சால்னாவும் அதை நம்பித்தான் நிற்கின்றன. காரத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டால் வெந்நீர் ஊற்றித் தருவார்களே தவிர வேறு ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் மசாலா காலையிலேயே அரைத்தாகிவிட்டது. பிள்ளைகளுக்குப் பரோட்டாவின் மேல் சர்க்கரை தூவித் தரச் சொல்லுங்கள், அல்லது ஆப்பமும் தேங்காய்ப் பாலும் வாங்கிக் கொடுங்கள். முட்டை தோசை கேட்கும்போது மிளகு போடாமல் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. குடிப்பதற்குக் காவிரிக் கூட்டுக் குடிநீரும் வண்டியில் விற்கும் நீரும்தான். ஒரு கடை சமையலுக்கு எந்த நீரைப் பயன்படுத்துகிறது என்பதை நான் முதலில் ஒரு டீ வாங்கிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். நல்ல நீரில் போட்ட டீயில் பாலும் தூளும் தனித்தனியாக நாக்கில் தெரியும். உவர் நீரில் போட்டது எவ்வளவு சர்க்கரை சேர்த்தாலும் அடித்தொண்டையில் கரிக்கும். டீ கரித்தால் அந்தக் கடையில் சோறும் அப்படித்தான் இருக்கும். மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய சோதனை இது. இதுவரை என்னைக் கைவிட்டதில்லை.

20 ஜூன் 2025

தடைக்காலம் முடிந்து படகுகள் போகத் தொடங்கிவிட்டன. ஜனவரியில் எழுதிய 'மீன் மதியத்திற்கு' என்ற கருத்துக்கு ஒரு விலக்கை இப்போது சேர்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. பாம்பனிலும் மண்டபத்திலும், நாட்டுப்படகுகள் கரை ஒதுங்கும் இடங்களை ஒட்டிய சில சிறிய கடைகளில், மாலையில் வந்த மீனை அப்போதே வாங்கி மசாலா தடவி வறுக்கிறார்கள். அது மதியத்து மீன் அன்று. நாளும் நேரமும் தெரிந்து போனால் இரவிலும் நல்ல மீன் சாப்பிட முடியும்.

இராமேஸ்வரத்து விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போய் மறுநாள் காலையில் திரும்பும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. ஆகவே செவ்வாய், வியாழன், ஞாயிறு மதியங்களில் இறால், கணவாய், நண்டு ஆகியவை மலியும். மீனவர் வேலைநிறுத்தம் நடக்கும் வாரங்களில் இந்தக் கணக்கு செல்லாது. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை மீனவர்களைப் பிடித்துச் செல்லும்போதெல்லாம் படகுகள் கரையிலேயே நிற்கின்றன. அந்த நாட்களில் நான் மீன் கேட்பதில்லை. கடைக்காரர் முகத்தைப் பார்த்தாலே ஊரின் நிலைமை தெரிந்துவிடும்.

மசாலா தடவிய மீனின் செவுளைப் பார்க்க முடியாது. அதனால் வேறு இரண்டு இடங்களைப் பாருங்கள். நடு முள்ளைச் சுற்றிச் சதை விலகிச் சுருங்கியிருந்தால் அது பழையது. மசாலாவின் ஓரம் காய்ந்து வெடித்திருந்தால் தட்டு காலையிலிருந்து அங்கேயே இருக்கிறது. நண்டைக் கையில் தூக்கிப் பார்த்தே வாங்க வேண்டும். பெரிதாக இருந்தும் எடையில்லாமல் இருந்தால் ஓடு மட்டும்தான். மண்டபத்தில் சமீபத்தில் நண்டு மசாலா கேட்டபோது, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அக்கா, "இன்னைக்கு நண்டு வேணாம்ணே, நேத்து வந்தது. நகரை இருக்கு, இப்பத்தான் எறங்குச்சு, போடவா?" என்றார். விற்றிருந்தால் நகரையைவிட நண்டில் அவருக்கு லாபம் அதிகம். அந்தக் கடைக்கு நான் இனி நண்டுக்கும் போவேன்.

19 ஜூலை 2025

பில்லைப் பற்றிய கேள்விகள் சில சேர்ந்துவிட்டன. சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 விழுக்காடு. விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தாமே வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் பதிவு செய்த சிறு கடைகள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது. பில்லிலேயே அந்த விவரம் அச்சாகியிருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் கடையில் எல்லோருக்கும் தெரியும்படி மாட்டியிருக்க வேண்டும். தள்ளுவண்டிக்காரர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டியவர்களே. பலர் செய்தும் இருக்கிறார்கள்.

எண்ணெயைப் பற்றிக் கேட்டவருக்கு: திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை அளக்கும் கருவி நம் கையில் இல்லை. மீனை எடுத்த பிறகும் நுரை அடங்காமல் மேலே நிற்கும், கறுத்துக் கெட்டியாகி மூக்கை அறுக்கும் புகை விடும் எண்ணெயைக் கண்டால், அந்தக் கடையில் வறுவலை விட்டுவிட்டுக் குழம்பு மட்டும் வாங்குங்கள். தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மீனைப் போட்டெடுக்கும் கடைகள் இந்த விஷயத்தில் மேல். செலவும் குறையும், மீனின் ருசியும் தெரியும்.

24ஆம் தேதி ஆடி அமாவாசை. 23ஆம் தேதி மாலை தீவுக்குள் போகிறவர்கள் தை அமாவாசைக்குச் சொன்ன அதே கூட்டத்தை எதிர்பார்க்கலாம்: இராமநாதபுரத்திலோ உச்சிப்புளியிலோ ஏழு மணிக்குள் இரவு உணவை முடித்துக்கொண்டு பாலத்தைக் கடந்துவிடுங்கள். வயதானவர்களும் கைக்குழந்தையும் உடன் வந்தால் இரவுக்கும் விடியற்காலைக்கும் சேர்த்து இட்லியைப் பொட்டலமாக வாங்கிக்கொள்ளலாம். அதில் மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவித் தரச் சொல்லுங்கள். இந்தப் புழுக்கத்தில் தேங்காய்ச் சட்னி சில மணி நேரத்தில் புளித்துவிடும்.